பிராங்கியோலைட்டிஸும் உப்புநீர் நெபுலைசரும்: குழந்தை மருத்துவரிடம் கேள்வி பதில்

கேள்வி: நாலு மாத மகன் பிராங்கியோலைட்டிஸால் வார்டில் இருக்கிறான். 3 சதவீத உப்புநீரை நெபுலைசரில் வைக்கிறார்கள். எதற்கு, டாக்டர்?

பதில்: இந்த நோயில் வைரஸ், பெரும்பாலும் ஆர்.எஸ்.வி., நுரையீரலின் மிகச் சின்னக் குழாய்களைத் தாக்குகிறது. உட்சுவர் வீங்கும், சளியும் உதிர்ந்த செல்களும் அடைத்துக்கொள்ளும். மருத்துவமனையில் வழக்கமாகப் பயன்படுத்தும் உப்புநீரான சாதாரண ஸலைனில் உப்பு 0.9 சதவீதம். அதைவிட மூன்று மடங்குக்கு மேல் உப்பான துளிகள் உள்ளே போனால் சுவரிலிருந்து நீரை இழுத்துச் சளியை இளக்கும் என்பதுதான் கணக்கு. பலன் சிறிதுதான். மருத்துவமனை வாசம் ஒரு நாள் குறையும் என்றன ஆரம்ப ஆய்வுகள். பின்னால் வந்தவற்றையும் சேர்த்தபோது அது அரை நாளுக்குள் சுருங்கிவிட்டது. அவனைத் தேற்றுவது ஆக்சிஜனும், மூக்குச் சளியை உறிஞ்சி எடுப்பதும், பால் உள்ளே போவதும்தான். மெஷினைப் பார்க்காதீர்கள், எவ்வளவு பால் குடிக்கிறான் என்று பாருங்கள்.

கேள்வி: வீட்டில் நெபுலைசர் இருக்கிறது. நாங்களே வைக்கலாமா?

பதில்: வேண்டாம். சில குழந்தைகளுக்கு அடர் உப்புநீரால் மூச்சுக்குழாய் இறுகும், கண்காணிப்பு வேண்டும்.

கேள்வி: சல்பூட்டமால் ஏன் தரவில்லை?

பதில்: அது இறுகிய தசையைத் தளர்த்தும் மருந்து. இங்கே அடைப்பு பெரும்பாலும் வீக்கத்தாலும் சளியாலும் வருவது.

கேள்வி: மருத்துவ மாணவன் நான். 2014இல் வந்த பிரிட்டனின் சேபர் ஆய்வில் இந்த அடர் உப்புநீரால் பலனே இல்லையே, சார். பிறகு ஏன் இன்னும் கொடுக்கிறோம்?

பதில்: நல்ல சண்டை இது! அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2014இல், வார்டில் சேர்ந்த குழந்தைக்குத் தரலாம், அவசரப் பிரிவில் வேண்டாம் என்றது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான நைஸ் 2015இல் எங்குமே வேண்டாம் என்றது. குழந்தைகள் சராசரியாக மூன்று நாளுக்கு மேல் தங்கும் இடங்களில்தான் குறைவதற்கு நாள் மிச்சம் இருக்கிறது. அப்புறம், பல ஆய்வுகளில் ஒப்பீட்டுக்கு வைத்தது சாதாரண ஸலைன். அதுவே கொஞ்சம் வேலை செய்திருக்கலாம். சேபர் ஒப்பிட்டது வழக்கமான கவனிப்போடு மட்டும். அதனால்தான் அதற்கு நான் எடை தருகிறேன். என் வார்டில் இதை வழக்கமாக எழுதுவதில்லை.

கேள்வி: கல் உப்பைக் காய்ச்சி நெபுலைசரில்...

பதில்: வேண்டவே வேண்டாம். வீட்டில் கலக்கும் உப்புநீருக்கு அளவும் இல்லை, கிருமி நீக்கமும் இல்லை. பால் வழக்கத்தில் பாதிக்கும் குறைந்தாலோ, 12 மணி நேரம் டயப்பர் நனையாவிட்டாலோ, மூச்சு நின்று நின்று வந்தாலோ, உதடு நீலமானாலோ உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

கேள்வி: வீடு திரும்பியும் பத்து நாளாக இருமல். நெபுலைசர்...

பதில்: வேண்டாம் என்று மூன்றாவது முறை சொல்கிறேன். நன்றாகப் பால் குடித்து விளையாடினால் சரி. பெரும்பாலும் மூன்று வாரத்துக்குள் இருமல் அடங்கும்.