காசு மானுக்கு இல்ல, கேட்டுக்கு!

வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்வில பாதி அமெரிக்கால இருந்து, அதுலயும் முக்கால்வாசி வேட்டை பத்தி. நவம்பர் வந்தா டெக்சாஸ்ல பாதி ஆபீஸ் காலியாயிடும், அந்த எஃபெக்டா இருக்கும்னு நினைக்கிறேன். மத்த கேள்வி அனுப்பினவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல பாத்துக்கலாம்.

என் டீம்ல ஒருத்தர், நல்ல மனுஷன், அவங்க டீர் லீஸ்ல (தனியார் நிலத்துல மான் வேட்டையாட சிலர் சேர்ந்து எடுக்குற குத்தகை) ஒரு ஆள் விலகிட்டாராம், நீ வர்றியான்னு கேட்டார். ஆசையாதான் இருந்துச்சு, ஒரு சீசனுக்கு 3,000 டாலர்னதும் ஆசை எல்லாம் போயிடுச்சு. முன்னாடி இதுல பாதிதான் இருந்துச்சாம். மானை யாரும் வளர்க்கல, அது பாட்டுக்கு சுத்துது, அதுக்கு எதுக்கு சார் இவ்ளோ காசு?
வாசகர், கேட்டி, டெக்சாஸ்

மான் அது பாட்டுக்கு சுத்துதுங்கறது கரெக்டுதான். டெக்சாஸ் சட்டப்படி காட்டு விலங்கு எல்லாம் மாநில மக்களோட சொத்து, ரேஞ்ச், அதாவது பெரிய பண்ணை, அதோட ஓனரே அது என் மானுன்னு சொல்ல முடியாது. ஆனா அந்த மான் நிக்கிற நிலம் அவரோடது, கேட் சாவி அவர் பாக்கெட்ல இருக்கு. நீங்க 25 டாலர் குடுத்து ஸ்டேட் லைசென்ஸ் எடுக்குறீங்க பாருங்க, மானுக்குன்னு குடுக்குற காசு அவ்ளோதான், அந்த 3,000 முழுக்க கேட்டுக்குள்ள போறதுக்கு.

டெக்சாஸ்ல இது இவ்ளோ மோசமா இருக்க ஒரு பழைய காரணம் இருக்கு. 1845ல டெக்சாஸ் அமெரிக்காவோட சேர்ந்தப்ப தன்னோட புறம்போக்கு நிலத்தை ஃபெடரல் கவர்மென்ட்கிட்ட குடுக்காம தானே வச்சுக்கிச்சு, அப்புறம் ரயில்வேக்கு கொஞ்சம், பள்ளிக்கூட நிதிக்கு கொஞ்சம், வந்து குடியேறினவங்களுக்கு கொஞ்சம்னு குடுத்தே தீர்த்துடுச்சு. இப்ப மாநிலத்துல சுமார் 95% நிலம் தனியார்கிட்ட இருக்கு. மான் என்னவோ 50 லட்சத்துக்கு மேல இருக்கு, பஞ்சமே இல்ல, நின்னு பாக்க இடம்தான் இல்ல.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்க. ஏக்கருக்கு வருஷம் 15 டாலர்னு வச்சுக்கோங்க, ஊரைப் பொறுத்து கூடும் குறையும், ஆயிரம் ஏக்கர்னா 15,000. அஞ்சு பேர் சேர்ந்தா ஆளுக்கு 3,000, எட்டு பேர்னா ரெண்டாயிரம் கூட வராது, ஆனா எட்டு பேர் ஒரே இடத்துல உக்காந்தா யாருக்கும் ஒண்ணும் கிடைக்காது, அதனால குரூப்ல ஆளைக் கூட்ட மாட்டாங்க. இதுக்கு மேல மக்காச்சோளம் தூவுற ஃபீடர், மான் கண்ணுல படாம மறைஞ்சு உக்கார்ற பிளைண்ட், அங்க போய்வர பெட்ரோல், எல்லாம் தனி.

ஏன் ஏறுதுன்னா, ஓனர் பேராசைன்னு ஒரு வார்த்தைல முடிச்சிட முடியாது. டெக்சாஸ் ஜனத்தொகை 2022ல மூணு கோடியத் தாண்டிருச்சு. 2019 வாக்குல மாநில சராசரி ஏக்கர் 3,000 டாலர் பக்கம் இருந்த நிலம் இப்ப 4,500க்கு மேல. தாத்தா வச்சிருந்த ரெண்டாயிரம் ஏக்கர் பேரப்பிள்ளைங்க காலத்துல ஆறு துண்டாகுது, அதுல நாலு துண்டு சிட்டி ஆளுங்க கைக்குப் போகுது, அவங்க வீக்கெண்டுக்குன்னு வாங்குறவங்க, லீஸ் காசு அவங்களுக்குத் தேவையே இல்ல, சொந்தக்காரங்கள மட்டும் உள்ள விட்டுட்டு கேட்டைப் பூட்டிடுறாங்க. மிச்சம் இருக்குற ரேஞ்சுக்குத்தான் இத்தனை பேரும் அடிச்சுக்கிறாங்க. மாடு வளர்க்குற ஓனருக்கு வேலி, கிணறு, டாக்ஸ் எல்லாம் இந்த லீஸ் காசுலதான் ஓடுது, பல இடத்துல மாட்டை விட மான் நல்ல வருமானம். அவர்மேல எனக்குக் கோவம் வரல.

சேர்றதா இருந்தா ஒண்ணு மட்டும் பண்ணுங்க, எத்தனை துப்பாக்கி (அதாவது எத்தனை பேர்), வருஷம் முழுக்கவா சீசனுக்கு மட்டுமா, பசங்களைக் கூட்டிட்டுப் போலாமா, இன்சூரன்ஸ் யார் எடுக்கணும்னு எழுத்துல வாங்கிக்கோங்க. "நம்ம ஆளுதானே" கணக்கெல்லாம் முதல் சண்டை வர்ற வரைக்கும்தான்.

இங்க சின்கோ ரேஞ்ச்னு ஒரு குடியிருப்புல வீடு வாங்கிருக்கோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் இங்கெல்லாம் நான் கூஸ் (பெரிய காட்டு வாத்து) சுட்டிருக்கேன்னு சொல்றாரு. நாலு பக்கமும் ஹெச்.இ.பி. சூப்பர்மார்க்கெட்டும் ஸ்கூலுமா இருக்கு, கதை விடுறாரா?
வாசகி, கேட்டி

கதை இல்லம்மா, நிஜம். உங்க ஊர் முழுக்க நெல்வயல் இருந்த பூமி. கனடா பக்கத்துல இருந்து குளிருக்கு இறங்கி வர்ற ஸ்னோ கூஸ் எல்லாம் கேட்டி புல்வெளிலயும் அறுப்பு முடிஞ்ச வயல்லயும்தான் இறங்கும், ஹூஸ்டன்ல இருந்து விடியக்காலைல கிளம்பி வந்து ஒரு நாள் காசு கட்டி சுட்டுட்டு ஆபீசுக்குப் போனவங்க உண்டு. மேக்கால கொஞ்ச தூரத்துல இருக்குற ஈகிள் லேக் ஊரு, உலக கூஸ் வேட்டைத் தலைநகர்னே தன்னைச் சொல்லிக்கும்.

சின்கோ ரேஞ்ச் 1984ல பில்டர்ங்க கைக்குப் போச்சு, அப்புறம் நடந்தது உங்க ஜன்னல் வழியா பாத்தாலே தெரியும். வீடு மட்டும் காரணம் இல்ல. ஒரு காலத்துல டெக்சாஸ்ல ஆறு லட்சம் ஏக்கருக்கு மேல நெல்லு, இப்ப ரெண்டு லட்சம்கூட இல்ல. 2012 வறட்சில கொலராடோ ஆத்துத் தண்ணிய கீழ் பக்கத்து நெல் விவசாயிங்க பெரும்பாலானவங்களுக்கு நிறுத்திட்டாங்க, அந்த ஒரு வருஷத்தோட அது முடியல, அடுத்தடுத்த வருஷமும் அதே கதை (இந்த கொலராடோ டெக்சாஸ்குள்ளயே ஓடுற ஆறு, கிராண்ட் கேன்யன்ல ஓடுறது வேற). தண்ணி இல்ல, நெல்லு இல்ல, பறவை வடக்கே ஆர்கன்சா பக்கமே தங்கிடுச்சு. இன்னைக்கு மிஞ்சியிருக்குற வயலுக்கு வேட்டைக்காரங்க நடுவுல போட்டி, அதனால ரேட்டு.

நம்மாளுங்க டீர் லீஸ் ஏறிடுச்சுன்னு புலம்புறப்ப எனக்கு இது ஞாபகம் வரும். ரேட்டை ஏத்தினதுல நம்ம வீட்டு லோனுக்கும் பங்கு இருக்குல்ல! அதுக்காக வீட்டை விக்கவா முடியும், ஆனா "யாரோ ஏத்திட்டாங்க"ன்னு பேசுறது எடுபடாது.

கன்ட்ரி சைடுல போறப்ப மரத்துல, வேலி போஸ்ட்ல ஊதா பெயின்ட் கோடு பாத்தேன். என்ன அது?
வாசகர், ஆஸ்டின்

உள்ள வராதேன்னு அர்த்தம். 1997ல இருந்து டெக்சாஸ்ல போர்டு மாட்ட வேண்டாம், ஊதா கோடு போட்டாலே போதும், சட்டப்படி நோட்டீஸ் குடுத்த மாதிரி. துப்பாக்கியோட அந்தக் கோட்டைத் தாண்டினா பிரச்சனை ரொம்பப் பெருசாகும், போட்டோ எடுக்கன்னாலும் போகாதீங்க.

டெக்சாஸ் கதை ஓகே. எங்க கொலராடோ, வயோமிங் எல்லாம் கவர்மென்ட் நிலம் கொட்டிக் கிடக்கு, அப்பவும் இங்க இருக்குற ஹன்டர்ஸ் இடம் இல்ல இடம் இல்லன்னு சொல்றது ஓவர்தானே?
வாசகர், டென்வர்

மேப்ல பாத்தா ஓவர்தான். நிலத்துல போய் நின்னா தெரியும். 1862ல ரயில் பாதை போட கம்பெனிங்களுக்கு நிலத்தை மானியமா குடுத்தப்ப ஒரு சதுர மைல் ரயில்வேக்கு, அடுத்த சதுர மைல் அரசுக்குன்னு செஸ் போர்டு மாதிரி மாத்தி மாத்திப் பிரிச்சாங்க. ரயில்வே கட்டத்தை எல்லாம் பின்னாடி பண்ணைக்காரங்க வாங்கிட்டாங்க. இப்ப அரசுக் கட்டத்துல இருந்து அடுத்த அரசுக் கட்டத்துக்குப் போகணும்னா ரெண்டும் தொட்டுக்கிற ஒரே ஒரு மூலைப் புள்ளி வழியாத்தான் போக முடியும். காலு தனியார் நிலத்துல படாது, ஆனா தோளு அவர் நிலத்துக்கு மேல இருக்குற காத்துல போகும், அதுவே அத்துமீறல்னு கேஸ் போட்டாங்க!

வயோமிங்ல எல்க் மவுன்டன்ல நடந்தது அதான். மிசௌரில இருந்து வந்த நாலு பேர் ஒரு ஏணியைக் கொண்டுவந்து அந்த மூலைல வேலிக்கு மேல சாத்தி ஏறி இறங்கினாங்க. கிரிமினல் கேஸ்ல 2022ல ஜூரி விடுதலை பண்ணிட்டாங்க. நில ஓனர் விடல, என் பண்ணை மதிப்பே குறைஞ்சிடுச்சு, 70 லட்சம் டாலருக்கு மேல நஷ்டம்னு சிவில் கேஸ் போட்டார். யோசிச்சுப் பாருங்க, மக்களோட நிலத்துக்குள்ள மக்கள் போனா இவர் நிலத்தோட விலை குறையுதுன்னா, இவ்ளோ நாள் அந்த விலைல அதையும் சேர்த்து வச்சிருந்தார்னுதானே அர்த்தம்? 2023ல தோத்தார், 2025 மார்ச்ல பத்தாவது சர்க்யூட்ங்கற ஃபெடரல் அப்பீல் கோர்ட்லயும் தோத்தார், அதே வருஷம் அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் கேஸை எடுக்கவே மாட்டேன்னுடுச்சு. கோர்ட்டுக்குக் கைகொடுத்தது 1885ல மாட்டுப் பண்ணை முதலாளிங்க அரசு நிலத்தைச் சுத்தி வேலி போடக் கூடாதுன்னு வந்த பழைய சட்டம்.

உங்க கொலராடோ அந்த அப்பீல் கோர்ட் எல்லைக்குள்ள வருது. மொன்டானா வராது, அங்க அதிகாரிங்க இன்னும் மூலை தாண்டாதேன்னுதான் சொல்றாங்க. ஆன்எக்ஸ்னு வேட்டைக்காரங்க எல்லாரும் வச்சிருக்குற மேப் ஆப் இருக்கு, அவங்க எடுத்த கணக்குல மேற்கு மாநிலங்கள்ல மூலைல மட்டும் மாட்டிக்கிட்டு கிடக்குற பொது நிலம் 83 லட்சம் ஏக்கர்.

மொன்டானாகிட்ட ஒரு நல்ல விஷயம் இருக்கு, பிளாக் மேனேஜ்மென்ட்னு. ஸ்டேட்டே பண்ணைக்காரருக்குக் காசு குடுத்து பொதுஜனத்துக்கு கேட்டைத் திறக்க வைக்குது, வேட்டைக்காரருக்கு ஃப்ரீ. கான்சாஸ்லயும் 1995ல இருந்து வாக்-இன்னு இதே மாதிரி ஓடுது. என்னைக் கேட்டா இதுக்குத்தான் இன்னும் காசு போடணும். ஆளாளுக்கு லீஸ் ஏலம் எடுத்துட்டு இருந்தா ரேட்டு நிக்கவே நிக்காது.

என் ஹஸ்பண்ட் எச்1பி. ஃப்ரெண்ட்ஸோட வேட்டைக்குப் போகணும்னு நிக்கிறாரு. நம்ம விசாவுல துப்பாக்கி தொடலாமா? அவ்ளோ காசு போடாம வழி இருக்கா?
வாசகி, ஹூஸ்டன்

முதல் கேள்விக்கு ரொம்ப ஜாக்கிரதையா பதில் சொல்லணும். எச்1பி மாதிரி விசால இருக்குறவங்க துப்பாக்கி, தோட்டா வச்சிருக்க ஃபெடரல் சட்டத்துல தடை இருக்கு. அதுக்கு ஒரு விதிவிலக்கு, ஏதாவது ஒரு ஸ்டேட் குடுத்த செல்லுபடியாகுற ஹன்டிங் லைசென்ஸ் கைல இருக்கணும். டெக்சாஸ் லைசென்ஸ் ஆகஸ்ட் 31ஓட முடிஞ்சிடும், செப்டம்பர் 1ம் தேதி புதுசு எடுக்காம ஃப்ரெண்டோட துப்பாக்கியை வாங்கிப் பாத்தாக்கூட மாட்டலாம். இன்னொரு பொறி, டெக்சாஸ்ல தனியார் நிலத்துல ஓனர் அனுமதியோட காட்டுப்பன்னி சுட 2019ல இருந்து லைசென்ஸே தேவையில்ல, அதைக் கேட்டுட்டு நம்மாளும் லைசென்ஸ் இல்லாம கிளம்பிடுவார், ஃப்ரெண்டுக்கு அது சரி, இவருக்கு இல்ல. எதுக்கும் இமிக்ரேஷன் வக்கீலை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகச் சொல்லுங்க.

ரெண்டாவது கேள்வி ஈசி. 48 டாலருக்கு ஆன்யுவல் பப்ளிக் ஹன்டிங் பெர்மிட் இருக்கு, ஸ்டேட் முழுக்க சுமார் பத்து லட்சம் ஏக்கர்ல போலாம், உங்களுக்கு வடக்கே இருக்குற சாம் ஹூஸ்டன் நேஷனல் ஃபாரஸ்ட்டே ஒண்ணரை லட்சம் ஏக்கருக்கு மேல. புறா சுட சோள வயல்களையும் ஸ்டேட் லீஸ் எடுத்து இதே பெர்மிட்ல விடுது. சீசன் ஆரம்ப நாள்ல கூட்டம் அள்ளும், வாரநாள்ல லீவு போட்டுப் போறது புத்திசாலித்தனம். ஆரஞ்சு சட்டை தொப்பி மறக்க வேண்டாம். 1971 செப்டம்பர் 2ம் தேதியோ அதுக்கு அப்புறமோ பொறந்தவர்னா ஹன்டர் எஜுகேஷன் கோர்ஸ் முடிக்கணும், ஆன்லைன்லயே இருக்கு. ஒரு சீசன் இப்படிப் போயிட்டு வரட்டும், குளிர்ல நாலு மணிக்கு எந்திரிச்சு ஒண்ணும் கிடைக்காம திரும்பி வந்த பிறகும் ஆசை இருந்தா அப்ப லீஸ் பத்திப் பேசலாம்.

வாயில்லா ஜீவனைப் பொழுதுபோக்குக்குச் சுடுறதே பாவம். இடம் கிடைக்காம அந்தப் பழக்கம் ஒழிஞ்சா நல்லதுதானே? இதுக்கு இவ்ளோ வக்காலத்தா?
வாசகி, மயிலாப்பூர்

உங்க மனசு புரியுதும்மா, நம்ம நாட்டுல 1972 சட்டத்தோட வேட்டை பெரும்பாலும் முடிஞ்சுது, அது சரியான முடிவு, அப்ப இங்க மிச்சம் இருந்ததே கொஞ்சம். ஆனா அங்க நிலைமை வேற. லீஸ் காசு நின்னா அந்த ரேஞ்ச் காடாகாது, வித்து பிளாட் போடுவாங்க, கேட்டில நடந்தது அதான். இன்னொண்ணு, அங்க ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் 11% தனி வரி, 1937ல வந்த சட்டப்படி அது மாநில வனவிலங்கு இலாகாவுக்குப் போகுது. வாத்து சுடுறவங்க வருஷம் 25 டாலருக்கு ஒரு ஸ்டாம்ப் வாங்கணும், அந்தக் காசுல சதுப்பு நிலம் வாங்குறாங்க. 2011ல 1 கோடியே 37 லட்சமா இருந்த வேட்டைக்காரங்க 2016 கணக்கெடுப்புல 1 கோடியே 15 லட்சம்னு இறங்கினப்ப அதிகாரிங்க கவலைப்பட்டது இந்த வருமானத்தை நினைச்சுத்தான். பாவ புண்ணியம் நீங்களே தீர்மானிங்க, நான் சண்டைக்கு வரல. நம்ம கிண்டில நிக்கிற வெளிமானும் புள்ளிமானும் டெக்சாஸ் பண்ணைகள்ல இறக்குமதியாகிப் பெருகி, அங்க வருஷம் பூரா காசுக்குச் சுட விடுறாங்கன்னு சொன்னா இன்னும் திட்டுவீங்க, அதை இத்தோட விட்டுடுறேன்.

லீஸுக்குக் கொட்டுறதுக்கு பதிலா நாங்க பத்து குடும்பம் சேர்ந்து 50 ஏக்கர் வாங்கிடலாம்னு இருக்கோம். வேட்டைக்கும் ஆச்சு, இன்வெஸ்ட்மென்ட்டும் ஆச்சு. சரியா?
வாசகர், டல்லாஸ்

இன்வெஸ்ட்மென்ட்னா யோசிங்க, வேட்டைக்குன்னா வேண்டாம். நல்ல கிடா மான் ஒண்ணு ஒரு சதுர மைல் சுத்தும், அதுவே 640 ஏக்கர், உங்க 50ல அது தங்கவே தங்காது, பத்து பேரும் மாத்தி மாத்தி பக்கத்து ரேஞ்சுல போற மானைப் பாத்துட்டு வரலாம். சராசரி விலைக்கே ரெண்டேகால் லட்சம் டாலர், டல்லாஸுக்குப் பக்கத்துல சின்ன துண்டுன்னா இன்னும் ரொம்ப மேல.

வாங்குறதுன்னு முடிவே பண்ணிட்டா ரெண்டு விஷயம். நிலத்துக்கு இப்ப அக்ரி வேல்யூவேஷன் இருக்கான்னு பாருங்க. இருந்தா சந்தை மதிப்புக்கு டாக்ஸ் கட்ட வேண்டாம், விளைச்சல் மதிப்புக்குக் கட்டினா போதும், ரொம்பக் குறைவு. மாடு இல்லாட்டியும் வைல்ட்லைஃப் மேனேஜ்மென்ட்னு மாத்தி அந்தச் சலுகையைத் தக்க வச்சுக்கலாம், 1995ல இருந்து அந்த வழி இருக்கு. அதை விட்டுட்டு வேற உபயோகத்துக்கு மாத்தினீங்கன்னா மூணு வருஷ வித்தியாசத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வாங்க.

ரெண்டாவது, நிலத்துக்கு ரோட்டுல இருந்து வழி இருக்கா, இல்ல இன்னொருத்தர் நிலம் தாண்டித்தான் போகணுமா, போகணும்னா அந்த வழி உரிமை பத்திரத்துல பதிவாகியிருக்கான்னு பத்திரத்தைச் சரிபாக்குற டைட்டில் கம்பெனிகிட்ட கேட்டு எழுத்துல வாங்குங்க, வித்தவர் "அவரு விடுவாரு சார்"னு வாயில சொன்னா அட்வான்ஸ் குடுக்காதீங்க.