பெட்டகச் சாவியை எடுத்தவர் யார்? மாயக் கதை எழுதுவது பற்றிக் கேள்வி பதில்

தேவகோட்டை, கல்லூரி மாணவி: அண்ணே, ஊடாட்டக் கதை என்பது புத்தகமா, கேமா?

படிக்கிற கதைதான். ஆனால் அடுத்து எங்கே போவது, என்ன செய்வது என்பதை வாசகர் தீர்மானிப்பார். 1970களில் வில் குரோத்தர் என்ற அமெரிக்க நிரலாளர், தான் இறங்கி அளந்த கென்டக்கி குகையை வைத்தே 'கொலாசல் கேவ் அட்வெஞ்சர்' என்ற கணினிக் கதை விளையாட்டை எழுதினார். தெரிந்த இடம் அவ்வளவு கை கொடுக்கும்.

கானாடுகாத்தான் வாசகர்: அப்படியானால் எங்கள் ஐயா வீட்டை வைத்து எழுதலாமா?

தாராளமாக! முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்வாசல் என்று நம் வீடுகளே வரைபடம் மாதிரிதானே இருக்கின்றன. ஒவ்வொரு கட்டையும் ஒரு பகுதியாக எழுதுங்கள். ஆனால் வாசகர் செய்ததைக் கதை நினைவில் வைத்திருப்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. வாசகர் வளவில் பெட்டகச் சாவியை எடுத்ததை ஆச்சி பார்த்துவிட்டால், அடுப்படியில் அவர் பேச்சு மாற வேண்டும். பார்க்காவிட்டால் வழக்கம்போல் "சாப்பிட்டியா?" என்று கேட்கலாம். என் முதல் கதையில், சாவியை எடுக்காமல் வந்தவர்களுக்குத் திரும்பிப் போக வழியே வைக்கவில்லை. ஒரு தோழி மாலை முழுக்க இரண்டாங்கட்டிலேயே சுற்றினாள். இன்றும் அது வருத்தம்தான்.

காரைக்குடி, ஆசிரியர்: கிளைகள் பெருகிவிடாதா?

பெருகும். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு வழி என்றால், பத்தே படியில் 1024 முடிவுகள். அதனால் கிளைகளை மறுபடி ஒரே வளவுக்குக் கொண்டுவந்து சேருங்கள். எந்த வழியாக வந்தார் என்ற நினைவு மட்டும் கூடவே வரட்டும். எழுத ட்வைன் என்ற மென்பொருள் போதும், இலவசம். கிறிஸ் கிளிமாஸ் 2009இல் வெளியிட்டது. தமிழில் தட்டச்சு செய்யலாம்.

புதுவயல், பள்ளி மாணவன்: டிராகன் வேண்டாமா?

கண்மாய்க் கரையில் ஐயனாரின் மண்குதிரைகள் நிற்கின்றனவே, தம்பி. நடு இரவில் அதில் ஒன்று தலையைத் திருப்பினால் போதாதா?

பள்ளத்தூர் ஆச்சி: என் பேரன் வேலையை விட்டுவிட்டு இதை எழுதப் போகிறேன் என்கிறான், தம்பி.

இப்போது விட வேண்டாம், ஆச்சி. தமிழில் இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கஷ்டம். கேம் நிறுவனங்களில் கதை எழுதும் வேலை உண்டு. அங்கே எழுதி முடித்த கதையைத்தான் கேட்பார்கள். 1995 முதல் ஊடாட்டக் கதைகளுக்காக ஆண்டுதோறும் நடக்கும் ஐஎஃப்காம்ப் போட்டிக்கும் அப்படித்தான். அதனால் இரவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, சின்னதாக ஒன்றை முடிக்கட்டும். அப்புறம் போனை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, எந்த இடத்தில் உங்கள் விரல் தயங்குகிறது என்று பேசாமல் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும்.