காது மடல் இல்லாமல் பிறந்த குழந்தைக்குக் காது கேட்குமா? ஆபரேஷன் எந்த வயதில் செய்யலாம்?

தங்கச்சி, மகளுக்கு மூன்று மாதம், வலது காது இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சதை மேடு மட்டும் இருக்கிறது, துவாரமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கிரகணத்தன்று நீங்கள் வெளியே போனதுதான் காரணம் என்று மாமியார் சொல்கிறாராம். முதலில் அதை மனதிலிருந்து எடுத்துப் போடுங்கள். கருவில் ஆறாவது வாரத்தை ஒட்டி ஆறு சின்ன மொட்டுகள் தோன்றி, அவை ஒன்று சேர்ந்துதான் காது மடல் ஆகிறது. வயிற்றில் பிள்ளை இருப்பதே பலருக்குச் சரியாகத் தெரியாத காலம் அது. சில மருந்துகளால் இப்படி ஆவதுண்டு, ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காரணம் கண்டுபிடிக்க முடிவதில்லை. கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. டாக்டர்கள் இதை மைக்ரோஷியா என்பார்கள்.

என் மகனுக்கு இரண்டு பக்கமும் இப்படித்தான். இலங்கை மலையகத்தில், மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 2011இல் பிறந்தான். "பத்து வயதில் காது வைக்கலாம், அதுவரை ஒன்றும் செய்யத் தேவையில்லை" என்றார் முதலில் பார்த்த டாக்டர். அவர் சொன்னது மடலைப் பற்றி மட்டும். பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று அவரும் பார்க்கவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. இரண்டரை வருடம் அப்படியே போய்விட்டது. பேச்சு வர வேண்டிய வருடங்கள் அவை. இன்றும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மடல் வேறு, கேட்பது வேறு. சத்தத்தை வாங்கி மூளைக்கு அனுப்பும் உட்காது கருவில் தனியாக வளர்கிறது. மடல் இல்லாத பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அது நன்றாகவே இருக்கும். சத்தம் உள்ளே போக வழி இல்லை, அவ்வளவுதான். மண்டை எலும்பு வழியாக அதிர்வைக் கொடுத்தால் உட்காது எடுத்துக்கொள்ளும். என் அம்மா பேரனை மடியில் போட்டு, தாடையை அவன் உச்சந்தலையில் அழுத்திக்கொண்டு தாலாட்டுப் பாடுவார். அப்போது மட்டும் அழுகையை நிறுத்துவான். லயத்தில், அதாவது எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லாரும் அம்மாயியின் கைராசி என்றார்கள். அவனுக்கு அந்தப் பாட்டு எலும்பு வழியாகக் கேட்டிருக்கிறது என்பது பிறகு கண்டியில் கேட்டல் சோதனை செய்தவர் விளக்கியபோதுதான் புரிந்தது.

அப்புறம் அவனுக்குத் தலையைச் சுற்றிப் போடும் மெல்லிய பட்டையில் எலும்புவழிக் கேட்கும் கருவி கிடைத்தது. இதற்கு ஆபரேஷன் வேண்டாம், சில மாதக் குழந்தைக்கே போடலாம். வீட்டுக்கு வந்த அன்று பின்னேரம் மழை. தகரக் கூரையில் விழ ஆரம்பித்ததும் விளையாட்டை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான். கையை மேலே நீட்டினான், என்னைப் பார்த்தான், மறுபடியும் கூரையைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து அந்தக் கூரைக்குக் கீழேதான் இருந்தான்.

உங்கள் மகளுக்கு இடது காது நன்றாக இருந்தால் பேச்சு வரும், பயப்படாதீர்கள். ஆனால் பார்வைக்கு நல்லதாகத் தெரியும் காதிலும் குறை இருக்கலாம். தூங்கும்போது தலையில் வயர் ஒட்டிச் செய்யும் பேரா (BERA) என்ற கேட்டல் சோதனையை இரண்டு பக்கமும் இப்போதே செய்யச் சொல்லுங்கள். சிறுநீரகத்துக்கும் ஒரு ஸ்கேன் கேளுங்கள், காதோடு சேர்ந்து அதிலும் குறை வருவதுண்டு. சளி பிடித்து இடது காதில் வலியோ சீழோ வந்தால் ஒரு நாளும் தள்ளிப் போட வேண்டாம். பிள்ளை மடுவத்தில் (தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) இடது பக்கம் நின்று பேசச் சொல்லுங்கள். ஒரு காதால் கேட்கும் பிள்ளைக்குச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது பிடிபடாது. நம் வளைவுப் பாதைகளில் கையைப் பிடித்தே கூட்டிப் போங்கள்.

இனி ஆபரேஷன். விலா எலும்பின் குருத்தெலும்பை எடுத்துக் காது போலச் செதுக்கித் தோலுக்கு அடியில் வைப்பது ஒரு முறை. அதற்குப் பிள்ளை கொஞ்சம் வளர வேண்டும். பல டாக்டர்கள் பத்து வயதும், மார்புச் சுற்றளவு 60 செண்டிமீட்டரும் ஆகட்டும் என்பார்கள். சுமார் ஆறு மாதம் கழித்து இரண்டாவது ஆபரேஷனில் அந்தக் காதைத் தலையிலிருந்து தூக்கி நிறுத்துவார்கள். பிளாஸ்டிக் போன்ற ஒரு பொருளில் செய்த சட்டத்தை வைக்கும் முறையும் உண்டு, அதை இன்னும் சின்ன வயதிலேயே செய்யலாம். எந்த முறையானாலும் இதனால் கேட்கும் திறன் அதிகமாகாது. துவாரம் திறக்கும் ஆபரேஷன் தனி. சிடி ஸ்கேனில் நடுக்காது எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்வார்கள், எல்லாருக்கும் பொருந்தாது, திறந்த துவாரம் மறுபடி சுருங்குவதும் உண்டு. எலும்பில் பொருத்தும் கேட்கும் கருவியை ஐந்து வயதளவில் வைக்கலாம். அதற்கு முன் காது செய்யும் டாக்டரும் காது மூக்கு தொண்டை டாக்டரும் பேசிக்கொள்ளட்டும். இடம் பிசகி வைத்தால் பிறகு மடலுக்கு வேண்டிய தோல் கெட்டுப் போகும்.

மகனுக்குக் காது வைக்கும் ஆபரேஷன் 2022இல் நடந்திருக்க வேண்டியது. நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்து அடுத்த வருடத்துக்குப் போனது. ஒரு காது மட்டும் இல்லாத பிள்ளைக்கு மற்றக் காதைப் பார்த்து வரைவார்கள். இவனுக்கு அதுவும் இல்லையே. டாக்டர் என்னை உட்கார வைத்து, கண்ணாடி போன்ற ஒரு தாளை என் காதில் வைத்துப் பேனையால் சுற்றி வரைந்தார். இன்று அவன் தலையில் இருப்பது என் காது. ஆபரேஷன் முடிந்ததும் காதை விட நெஞ்சுதான் வலித்தது அவனுக்கு, ஒரு வாரம் சிரிக்கவே பயந்தான்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. கருவிதான் விலை கூடியது, நாங்கள் சீட்டு எடுத்து வாங்கினோம்.

காது குத்தலாமா என்றும் கேட்டீர்கள். வலது பக்கச் சதையில் ஊசி படவே கூடாது, அதை வெட்டவும் விடாதீர்கள். பிறகு காதுச் சோணை (காதின் கீழ்ப்பகுதி) செய்ய அந்தச் சதைதான் உதவும். இடது காதில் மட்டும் குத்துங்கள். மாமன் மடியில் உட்கார வைத்து, எல்லாரையும் அழைத்துச் செய்யுங்கள்.