'தெரியாது' என்று மட்டும் சொல்லும் மகன்

கேள்வி: என் மகனுக்கு 13 வயது; ஆட்டிசம் உண்டு. சென்ற ஆண்டு பள்ளி வேன் விபத்தில் சிக்கியதிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை. வேன் ஹாரன் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறான். ரயில் கால அட்டவணைகளை மனப்பாடமாகச் சொல்பவன், 'அப்போது உனக்கு எப்படி இருந்தது?' என்று உளவியலாளர் கேட்டால் 'தெரியாது' என்கிறான். ஆறு அமர்வுகள் முடிந்துவிட்டன. இந்தச் சிகிச்சை இவனுக்குப் பயன்படாதா?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: அந்தத் 'தெரியாது' பிடிவாதமாக இருக்க வேண்டியதில்லை, உண்மையாகவே தெரியாமல் இருக்கலாம். தன் உணர்ச்சி இன்னதென்று இனங்கண்டு பெயர் சொல்ல இயலாத நிலையை அலெக்சிதைமியா என்பார்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இது காணப்படுவதாக ஆய்வுகள் கூறுகின்றன. ஆகவே 'பயந்தாயா?' என்பதை விட்டு, 'எந்தச் சத்தம் முதலில் கேட்டது? கை நடுங்கியதா? வயிறு என்ன செய்தது?' என்று கேட்கச் சொல்லுங்கள்.

ஜூடித் கோஹன், அந்தோணி மன்னரினோ, எஸ்தர் டெப்ளிங்கர் ஆகியோர் அமெரிக்காவில் குழந்தைகளுக்கென வகுத்த, மனக்காயத்துக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றி அச்சத்தைக் குறைக்கும் பேச்சுச் சிகிச்சை) பொதுவாக 12 முதல் 16 அமர்வுகளில் முடியும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அதன் படிகளை மாற்ற வேண்டியதில்லை. வேகத்தைக் குறைத்து, அன்றன்று என்னென்ன நடக்கும் என்பதைப் படமாக வரைந்து முன்னதாகவே காட்டி, கண்ணைப் பார்த்துப் பேசும்படி வற்புறுத்தாமல் நடத்த வேண்டும். கண்ணை மூடி மூச்சை இழுத்துவிடும் பயிற்சி சிலருக்கு எரிச்சலையே தரும்; ஊஞ்சலாட்டமோ கனமான போர்வையோ அவர்களுக்குப் பொருந்தலாம்.

ரயில் அட்டவணையைப் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் கடிதத்தின் முக்கியமான வரி அதுதான். விபத்து நாளையே ஓர் அட்டவணையாக அவன் எழுதட்டும்: வேன் புறப்பட்ட நேரம், திருப்பம், மோதல், ஆட்கள் ஓடி வந்தது, மருத்துவமனை, கடைசியாக வீடு. மோதல் நடுவழி நிலையம்தான், வண்டி அங்கேயே நின்றுவிடவில்லை என்பது அந்தத் தாளில் அவன் கண்ணுக்கே தெரியும். பயத்தின் அளவையும் வண்டியின் வேகமாகச் சொல்லச் சொல்லலாம்.

ஒன்றை மட்டும் நீங்கள்தான் சொல்ல முடியும்: ஹாரன் கேட்டால் காதைப் பொத்துவது விபத்துக்கு முன்பே இருந்ததா? இருந்திருந்தால் அது ஒலியைத் தாங்க இயலாமையாக இருக்கலாம். அதை வற்புறுத்திப் பழக்கிப் போக்க முயல்வது வேதனையைக் கூட்டலாம், தேவையான இடங்களில் காதுறை உதவும். விபத்துக்குப் பிறகே தொடங்கியது என்றால், நின்றிருக்கும் வேனைத் தூரத்திலிருந்து பார்ப்பதில் தொடங்கிச் சிறிது சிறிதாக நெருங்கலாம். உளவியலாளர் இதைக் கேட்டிராவிட்டால், அடுத்த அமர்வுக்கு முன் நீங்களே எழுதிக் கொடுங்கள்.