மிட் எஞ்சின் காரை வீட்டில் கழுவுவது: கேள்வியும் பதிலும்

இங்கிலாந்தில் பாக்ஸ்டர், கேமன், எலீஸ், எம்ஆர்2 என்று வைத்திருக்கும் நம்மவர்கள் கேட்டவற்றைத் தொகுத்து இங்கே பதில் எழுதுகிறேன். இந்தக் கார்களில் எஞ்சின் இருக்கைக்குப் பின்னால், பின் சக்கரங்களுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அதனால் எல்லோருக்கும் முதலில் வரும் பயம் எஞ்சினில் தண்ணீர் போய்விடுமோ என்பது. நான் பார்த்தவரை, மேலிருந்து விழும் தண்ணீர் இந்தக் கார்களைக் கெடுப்பதில்லை. வெளியே போக வழியில்லாமல் உள்ளே தேங்கும் தண்ணீர்தான் கெடுக்கிறது. அதனால் பல பதில்கள் வடிகால் பக்கமே போகும். பாக்ஸ்டர், கேமன் இரண்டும் போர்ஷே கார்கள்; கேள்விகளில் வரும் 986, 987, 981, 718 எல்லாம் அவற்றின் தலைமுறை எண்கள்.

கேள்வி (டொயோட்டா எம்ஆர்2, 1994, குரோய்டன்): அண்ணா, எஞ்சின் மூடியில் வரிசையாகத் துவாரங்கள். ஹோஸைத் திருப்பினால் தண்ணீர் நேராக எஞ்சின் மேல்தானே விழும்? கழுவும் முன் பிளாஸ்டிக் பை போட்டு மூடட்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. இத்தனை வருடம் இந்த ஊர் மழையில் ஓடிய கார் அது. முதலில் மூடியைத் தூக்கி உள்பக்கம் பாருங்கள். துவாரங்களுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்க வேண்டும். மேலிருந்து வரும் தண்ணீரை ஏந்தி ஓரமாக வடிய விடுவது அதன் வேலை. டர்போ எஞ்சின் மாடல் வைத்திருக்கும் சிலர், சூடு சீக்கிரம் வெளியேறட்டும் என்று அதைக் கழற்றிவிடுவார்கள். உங்களுக்கு முன் வைத்திருந்தவர் அப்படிக் கழற்றியிருந்தால் அந்த மூடியின் மேல் பிரஷர் வாஷரைக் காட்டாதீர்கள். கார் கழுவும் கையுறையால் துடைத்து, வாளித் தண்ணீரை மெல்ல ஊற்றினால் போதும்.

கழுவிய பிறகு எஞ்சின் திக்கித் திக்கி ஓடினால் தண்ணீரைக் குற்றம் சொல்லாதீர்கள். ஸ்பார்க் பிளக் ஒயர்களின் ரப்பர் வெடித்திருக்கும், ஈரம் அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். இருட்டில் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். வெடிப்பு இருக்கும் இடத்தில் நீலப் பொறி தாவுவது கண்ணுக்கே தெரியும். கை மட்டும் வைத்துவிடாதீர்கள். ஒயரை மாற்றினால் சரியாகிவிடும்.

கேள்வி (போர்ஷே பாக்ஸ்டர் 986, ஈஸ்ட் ஹாம்): ஞாயிற்றுக்கிழமை கழுவி நிறுத்தினேன். மறுநாள் அலாரம் தானாக அடிக்கிறது, கார் சாவியை அடையாளம் காணவில்லை, இருக்கைக்கு அடியில் கார்பெட் சதசதவென்று ஈரம். கண்ணாடியெல்லாம் மூடித்தான் இருந்தது. எங்கிருந்து வந்தது தண்ணீர்?

பதில்: 986, 987 பாக்ஸ்டரில் நான் அதிகம் கவலைப்படுவது இதற்காகத்தான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

துணிக்கூரையின் மேல் விழும் தண்ணீர் பின்பக்கம் ஓடி, இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு மூலைகளிலும் உள்ள வடிகால் துளைகளில் இறங்கி, பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் தரையில் விழ வேண்டும். மரத்தடியில் நிறுத்தும் காரில் அந்தத் துளைக்குள் இலைத்தூளும் மண்ணும் சேர்ந்து கறுத்த சேறாகி அடைத்துக்கொள்ளும். வழியில்லாத தண்ணீர் உள்ளே வழிந்து கார்பெட்டுக்கு அடியில் போய்த் தங்கும். அலாரமும் சாவி அடையாளமும் பார்க்கும் மின்னணுப் பெட்டியை இருக்கைக்கு அடியில், தரையோடு தரையாக வைத்திருக்கிறார்கள். இரண்டு அங்குலத் தண்ணீரே அதற்கு அதிகம்.

இப்போது செய்ய வேண்டியது: மீண்டும் மீண்டும் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். முன் மூடிக்கு அடியில் இருக்கும் பேட்டரியின் இணைப்பைக் கழற்றுங்கள். கழற்றிய பின் முன் மூடியைச் சாத்திவிடாதீர்கள், சில வருட மாடல்களில் அந்தப் பூட்டே மின்சாரத்தில் இயங்குவது. அப்புறம் இருக்கையைக் கழற்றி கார்பெட்டைத் தூக்குங்கள். கார்பெட்டின் அடியில் தடித்த நுரை இருக்கும். மேலே தொட்டால் காய்ந்தது போலத் தெரியும், அழுத்தினால் தண்ணீர் கசியும். ஈரத்தை உறிஞ்சும் வாக்யூமும் மின்விசிறியும் வைத்து நாள்கணக்கில் காயவிட வேண்டும். பெட்டியைத் திறந்து பலகையில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். லேசான அரிப்பாக இருந்தால் மின்னணுப் பழுது பார்ப்பவர் சுத்தம் செய்து உயிர்ப்பித்துவிடுவார். புதிது போட்டால் சாவியோடு மறுபடி பொருத்த வேண்டும், செலவு கூடும்.

கார் காய்ந்ததும் கூரையைப் பாதி திறந்த நிலையில் நிறுத்தி, டார்ச் அடித்து அந்த மூலைகளைப் பாருங்கள். புல்வெட்டும் இயந்திரத்தில் போடும் தடித்த நைலான் கயிறு இதற்கு அருமையான கருவி. மெல்ல விட்டு, சுழற்றி, இழுங்கள். ஏர் கம்ப்ரசரால் ஊதாதீர்கள், உள்ளே இருக்கும் குழாய் இணைப்பிலிருந்து கழன்றுகொண்டால் நிலைமை இன்னும் மோசம். பிறகு ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டுத் தரையைப் பாருங்கள். சக்கரத்துக்கு முன்னால் தாராளமாகச் சொட்டினால் வழி திறந்துவிட்டது. முன்பக்கம் பேட்டரியின் இரண்டு பக்கமும் இதே போல வடிகால் உண்டு, அதையும் மறக்க வேண்டாம். இலையுதிர் காலத்தில் மாதம் ஒருமுறையாவது இந்தச் சோதனை செய்யுங்கள்.

கேள்வி (அதே 986, ஆனால் 2000ஆம் வருடம், ரெடிங்): பின் ஜன்னல் கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக். மங்கலாக இருக்கிறது. எதைக் கொண்டு துடைப்பது?

பதில்: 2003 மாடலில்தான் கண்ணாடி வந்தது. அதற்கு முந்தைய பிளாஸ்டிக்கில் காய்ந்த துணி படவே கூடாது, ஒரு துடைப்பிலேயே கோடு விழும். நிறையத் தண்ணீர் ஊற்றித் தூசியை ஓடவிட்டு, ஷாம்பு நுரையோடு விரல்நுனியால் தடவிக் கழுவுங்கள். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் வேண்டாம். குளிர்ந்த காலையில் கூரையை மடக்காதீர்கள், பிளாஸ்டிக் விறைத்து மடிப்பில் வெடிக்கும். மடக்கும்போது பாதியில் நிறுத்தி, ஜன்னலின் நடுவைக் கையால் லேசாகத் தட்டி உள்பக்கம் வளைத்துக் கொடுத்தால் ஒழுங்காக மடியும். ஈரக் கூரையை எப்போதும் மடக்க வேண்டாம், பூஞ்சை பிடிக்கும்.

கேள்வி (கேமன் 987, ஹாரோ): கதவுக்குப் பின்னால் உள்ள பக்கத் துவாரங்களில் தூசி படிந்திருக்கிறது. பிரஷர் வாஷரால் அடிக்கலாமா?

பதில்: கூடாது. எஞ்சின் மூச்சு விடுவது அந்த வழியாகத்தான், அழகுக்கு வைத்தது இல்லை. மழையில் ஓடும்போது தெறிக்கும் தண்ணீரைச் சமாளிக்க உள்ளே ஏற்பாடு உண்டு. நேராக அழுத்தத்தோடு அடித்தால் ஏர் ஃபில்டர் வரை போகும். மென்மையான பிரஷை ஷாம்பு நீரில் நனைத்துச் சட்டங்களைத் தேய்த்து, ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள். மற்றபடி கேமனில் எஞ்சின் மேலே திறந்து இல்லை, பின் டிக்கியின் கார்பெட்டுக்கும் மூடிகளுக்கும் அடியில் மறைந்திருக்கிறது. கூரையில் தண்ணீர் ஊற்றுவது பற்றிக் கவலையே வேண்டாம்.

கேள்வி (போர்ஷே 718, மில்டன் கீன்ஸ்): நீண்ட ஓட்டம் முடித்து வந்த உடனே பூச்சிக்கறை காயும் முன் கழுவிவிடுவது நல்லதுதானே?

பதில்: பூச்சி முன்னால்தானே இருக்கிறது. முன் பம்பரில் ஈரத்துணியை விரித்து ஊற வையுங்கள், மற்றதை அரைமணி, முக்கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். எஞ்சின் நடுவில் அடைபட்டிருக்கும் காரில், நிறுத்திய பிறகுதான் சூடு மேலே ஏறும். பின் மூடியைத் தொட்டால் முன் மூடியைவிட நன்றாகச் சுடும். அதன் மேல் ஷாம்பு போட்டால் நுரை நீங்கள் பார்க்கப் பார்க்கவே காய்ந்து வளையம் வளையமாகத் தடம் விடும். சூடான பிரேக் டிஸ்க்கில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கோணிப்போகவும் வாய்ப்பு உண்டு. சக்கரக் கம்பிகளுக்கு நடுவே கையை டிஸ்க்கின் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள், வெப்பம் அடிக்கவில்லை என்றால் தொடங்கலாம்.

கேள்வி (பாக்ஸ்டர் 981, வால்தம்ஸ்டோ): கறுப்புக் கார். எவ்வளவு நன்றாகக் கழுவினாலும் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளிகள்.

பதில்: லண்டன் தண்ணீர் சுண்ணாம்புப் பாறை வழியாக வருவது. கெட்டிலில் வெள்ளையாகப் படிவதுதான் உங்கள் காரிலும் படிகிறது. வெயிலில் கழுவாதீர்கள், காலையிலோ மாலையிலோ நிழலில் செய்யுங்கள். கடைசியில் ஹோஸின் நாசிலைக் கழற்றிவிட்டு, வெறும் குழாயைக் கூரையில் தாழ்வாகப் பிடித்துத் தண்ணீரை அப்படியே வழியவிடுங்கள். தகடு போல ஒன்றாக இறங்கும், துளிகள் குறைவாகவே மிஞ்சும். உடனே பெரிய மைக்ரோஃபைபர் துண்டை விரித்து ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். தாது நீக்கிய தண்ணீர் தரும் ஃபில்டர் வாங்கலாம், ஆனால் லண்டன் தண்ணீரில் அதன் ரெசின் சீக்கிரம் தீர்ந்துவிடும். கடைசி அலசலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே படிந்த புள்ளிக்கு வெள்ளை வினிகரையும் காய்ச்சி வடித்த நீரையும் சமமாகக் கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்து, நன்றாக அலசுங்கள். வேக்ஸ் போயிருக்கும், மறுபடி போட்டுவிடுங்கள்.

கேள்வி (லோட்டஸ் எலீஸ், நோர்விச்): உடல் ஃபைபர் கிளாஸ், சட்டம் அலுமினியம். துருவே பிடிக்காது, குளிர்காலத்தில் கழுவத் தேவையில்லை என்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. சஸ்பென்ஷன் கைகள் எஃகு, போல்ட்டுகள் எஃகு. சாலையில் தூவும் உப்பு ஈரத்தோடு சேர்ந்தால், எஃகும் அலுமினியமும் தொடும் இடத்தில் அலுமினியம்தான் முதலில் அரிக்கப்படும், வெள்ளைத் தூளாகப் பூக்கும். உப்புச் சாலையில் ஓட்டினால் அந்த வாரமே சக்கர வளைவுகளையும் அடிப்பக்கத்தையும் குறைந்த அழுத்தத்தில், நிறையத் தண்ணீரால் அலசுங்கள். அடியில் உள்ள தட்டையான தகட்டின் மேல் சேறு தங்கும், அங்கேயும் தண்ணீர் ஓட்டுங்கள். துணிக்கூரையின் ஓரங்களில் பிரஷர் வாஷர் வேண்டாம், எலீஸ் கூரை சாதாரண மழைக்கே கசியக்கூடியது.

கேள்வி (பாக்ஸ்டர் 987, ஸ்லவ்): கழுவி, கை பிரேக் போட்டு, இரண்டு வாரம் ஷெட்டில் வைத்தேன். இப்போது பின் சக்கரம் அசைய மறுக்கிறது.

பதில்: பின் டிஸ்க்கின் நடுவே சின்ன டிரம் இருக்கிறது, கை பிரேக் பிடிப்பது அதில்தான். ஈரத்தோடு பூட்டியதால் உள்ளே துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது. பிரேக்கை விடுவித்து, முதல் கியரிலும் ரிவர்ஸிலும் மெல்ல முன்பின் அசைத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு 'டக்' சத்தத்தோடு விடும். விடவில்லை என்றால் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். இனி கழுவியதும் பத்து நிமிடம் ஓட்டி, பிரேக்கை நாலைந்து தடவை அழுத்தமாகப் பிடித்துக் காயவைத்த பிறகே நிறுத்துங்கள். சமதளம் என்றால் கை பிரேக் போடாமல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

கேள்வி (கேமன் 987, லூட்டன்): முன் பம்பர் துவாரங்களுக்குள் இலை நிறைய. தண்ணீர் அடித்தால் உள்ளேதான் போகிறது.

பதில்: அடிக்காதீர்கள். எஞ்சின் பின்னால் இருந்தாலும் ரேடியேட்டர்கள் முன்னால் இரு மூலைகளிலும் இருக்கின்றன, அவற்றுக்கு முன்னால் ஏசி கண்டென்சர்கள். இலை அங்கே மட்கி, ஈரத்தைப் பிடித்து வைத்து, கண்டென்சரை அரித்து ஓட்டை போடும். வாக்யூமின் ஒடுங்கிய முனையால் காய்ந்திருக்கும்போதே உறிஞ்சி எடுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பம்பரைக் கழற்றி, கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சேர்ந்ததை எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் துவாரத்தில் கம்பி வலை பொருத்துங்கள், அந்தச் செலவு நிச்சயம் பயன் தரும்.

கேள்வி (718, கில்ட்ஃபோர்ட்): தானியங்கி கார் வாஷ்?

பதில்: வேண்டாம். அந்த பிரஷில் முந்தைய காரின் மண் இருக்கும்.

கேள்வி (எம்ஆர்2, ஆக்ஸ்ஃபர்ட்): கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாட்டால் ஹோஸ் தடை வந்தால் என்ன செய்வது? 2022இலும் 2025இலும் அனுபவித்தோம்.

பதில்: தடையில் சொந்தக் காரை ஹோஸால் கழுவுவதும் அடக்கம், மீறினால் ஆயிரம் பவுண்டு வரை அபராதம். குழாயோடு இணைத்த பிரஷர் வாஷரும் ஹோஸ்தான். வாளிக்குத் தடை இல்லை. அலசத் தேவையில்லாத ஷாம்புவைப் புட்டியில் சொன்ன அளவு ஒரு வாளியில் கலந்து, அதையே ஸ்ப்ரே புட்டியிலும் ஊற்றிக்கொள்ளுங்கள். ஒரு பகுதியில் தெளித்து மண்ணை ஊறவிட்டு, நனைந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒரே திசையில் ஒருமுறை எடுங்கள். துணியை மடித்து அடுத்த பக்கத்துக்குப் போங்கள், அழுக்கான பக்கத்தை மறுபடி பெயிண்டில் வைக்கவே கூடாது. சேறு அப்பிய காருக்கு இது சரிவராது, தூசிக்கு நன்றாக வேலை செய்யும்.

மழைநீர்த் தொட்டி இருந்தால் அந்தத் தண்ணீர் தடைக்குள் வராது. சுண்ணாம்பும் இல்லாததால் புள்ளியும் விழாது. கூரை மணல் கலந்திருக்கும், துணியில் வடிகட்டி எடுங்கள். இன்னொன்று: தெருச் சாக்கடைகளில் பல, சுத்திகரிப்புக்குப் போகாமல் நேராக ஆற்றுக்குப் போகின்றன. சில இடங்களில் மூடியருகே மஞ்சள் மீன் படம் வரைந்து வைத்திருப்பார்கள். முடிந்தால் நுரைத்தண்ணீர் சரளைக்கற்களிலோ புல்லிலோ இறங்கும்படி காரை நிறுத்துங்கள். சக்கரம் கழுவும் அமிலக் கரைசல் வேண்டவே வேண்டாம், நடுநிலை ஷாம்பு போதும்.