அசோகரும் மகரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'காதலிக்க நேரமில்லை' படத்தை இரண்டு முறை கைப்பேசியில் துண்டு துண்டாகவும், மூன்றாம் முறை டிவியில் முழுசாகவும் பார்த்தேன். முதலில் "இதற்கா இவ்வளவு பேச்சு?" என்றுதான் தோன்றியது. இப்போது நாகேஷ் கதை சொல்லும் காட்சியில் சிரிப்பு வருகிறது. தெரிந்த நகைச்சுவைக்கு எப்படிப் புதிதாகச் சிரிப்பு வரும்? ஊர் சிரிக்கிறதே என்று நானும் சிரிக்கிறேனா?

ச.

அன்புள்ள ச.,

ஊருக்காகச் சிரிக்கவில்லை. முதல் இரண்டு முறையும் ஆள் மாற்றிப் பார்த்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். அந்தக் காட்சியில் பேசுவது நாகேஷ் என்பதால் கண் அவரிடமே நிற்கும். படமெடுக்கத் துடிக்கும் செல்லப்பா, பணம் போடவேண்டிய அப்பாவிடம் பேய்க்கதை சொல்கிறான். கதைக்கு வேண்டிய சத்தமெல்லாம் அவன் வாயிலிருந்தே வருகிறது. ஆனால் நகைச்சுவை நடப்பது டி.எஸ்.பாலையாவின் முகத்தில். எந்த நொடியில் அவருக்குப் பயம் தொடங்குகிறது என்று தேடிப் பாருங்கள். விரல் வைத்துக் காட்ட முடியாது. அடுத்த முறை நாகேஷைக் காதுக்குக் கொடுத்துவிட்டு, கண்ணைப் பாலையாவிடம் வையுங்கள்.

அதற்கு முன் டிவியைச் சரிசெய்யுங்கள். இது 1964-இல் வந்த படம். தமிழுக்கு சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை வந்ததே 1973-இல்தான். இதன் சட்டகம் ஏறக்குறைய 4:3. அதை 16:9 திரை நிறைய 'ஜூம்' செய்தால் மேலும் கீழுமாகக் கால் பங்கு படம் போய்விடும். போவதில் பாலையாவின் கைகளும் சேர்த்தி. 'ஸ்ட்ரெச்' வைத்தால் எல்லோரும் ஒரு சுற்று பெருத்துவிடுவார்கள். பிக்சர் சைஸை 4:3 ஆக்குங்கள், இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரட்டும். பதிவிலேயே வெட்டியிருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை, வேறு பதிவைத் தேட வேண்டியதுதான்.

துண்டுகளாகப் பார்ப்பதில் இன்னொரு நஷ்டம். "அசோகர் உங்க மகருங்களா?" என்ற வசனத்தைத் தனியாகக் கேட்டால் வெறும் உளறல். தன் எஸ்டேட்டில் வேலையை விட்டுத் துரத்திய பையன் கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளை என்று நம்பிய கணத்தில் விஸ்வநாதன், அதாவது பாலையா, கேட்பது அது. நேற்றுவரை 'அவன்' ஆக இருந்தவனுக்கு இன்று எவ்வளவு மரியாதை கொடுப்பது என்று பிடிபடாமல், அகப்பட்ட சொல்லிலெல்லாம் 'ர்' ஒட்டுகிறார். அசோக் அசோகர் ஆனது சரி, மகனும் மகர் ஆகிவிடுகிறான்! இந்த வெடிக்குத் திரி, அவனைத் துரத்தும் காட்சியிலேயே இருக்கிறது. முடிவு தெரிந்து பார்க்கும்போதுதான் அங்கே அவர் அவனிடம் பேசும் தோரணை காதில் விழும். இயக்குநர் ஸ்ரீதரோடு சேர்ந்து எழுதிய சித்ராலயா கோபுவின் கெட்டிக்காரத்தனம் இப்படி முன்கூட்டியே புதைத்து வைப்பதில் இருக்கிறது.

'விஸ்வநாதன் வேலை வேண்டும்' பாட்டை ஓட்டிவிடாதீர்கள், அது கதையின் ஒரு பகுதி. முதலாளி பெயரும் இசையமைப்பாளர் பெயரும் ஒன்றே என்பது கூடுதல் குறும்பு. மற்றபடி காதல் ஜோடிகள் பேசிக்கொள்ளும் பகுதிகள் எத்தனை முறை பார்த்தாலும் அதே அளவில்தான் நிற்கும். அப்போது எழுந்துபோய்க் காபி போடலாம், பாட்டு வந்ததும் திரும்பிவிடுங்கள்.

இன்னும் ஆசை இருந்தால், இதையே ஸ்ரீதர் இந்தியில் எடுத்த 'பியார் கியே ஜா' (1966) இருக்கிறது. கதை சொல்பவர் மெஹ்மூத், கேட்பவர் ஓம் பிரகாஷ். மெஹ்மூதுக்கு அந்தப் படத்துக்காக ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது. அங்கேயும் கேட்பவரையே பாருங்கள். ஆனால் பாலையாவைப் பார்த்த சூட்டோடு வேண்டாம், ஓம் பிரகாஷுக்கு அநியாயம் செய்துவிடுவீர்கள். ஒரு வாரம் போகட்டும்.