கர்ப்ப காலத்தில் சிபிடி எண்ணெய்: மூலிகை என்பதால் மட்டும் நம்பலாமா?

கேள்வி: எனக்கு இது ஒன்பதாவது வாரம். தூக்கமின்மைக்காகவும் பதற்றத்துக்காகவும் ஓராண்டாகவே இரவில் அரை டிராப்பர் சிபிடி எண்ணெயை (கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் கன்னாபிடியோல் எண்ணெய்) நாக்கின் அடியில் விட்டுக்கொள்வேன். கர்ப்பம் உறுதியானதும் பயந்துபோய் நிறுத்திவிட்டேன். ஒரு வாரம் ஆகிறது. இப்போது மசக்கை வாட்டுகிறது, தூக்கமும் இல்லை. "அது மூலிகைதானே, போதையும் தராது, மாத்திரையைவிட நல்லது" என்கிறாள் என் தோழி. மறுபடியும் எடுக்கலாமா? இதுவரை எடுத்ததால் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்ற எதுவும் உங்கள் காதில் விழாது.

கர்ப்பம் என்று தெரியாத வாரங்களில் ஏதோ ஒரு மருந்தை எடுத்துவிட்டு, பிறகு மனம் பதறி வரும் பெண்கள் என் அறையில் அன்றாடம் அமர்கிறார்கள். அவர்களிடம் சொல்வதையே உங்களிடமும் சொல்கிறேன். சிபிடியால் மட்டும் குழந்தைக்கு இன்ன குறைபாடு வரும் என்று மனிதர்களில் எந்த ஆய்வும் நிறுவவில்லை. நீங்கள் எடுத்ததும் சிறிய அளவுதான். இதற்காகக் கர்ப்பத்தைக் கலைப்பது பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. தெரிந்த உடனே நிறுத்தினீர்களே, அதுதான் செய்ய வேண்டிய காரியம், செய்துவிட்டீர்கள். எத்தனை மாதம், எவ்வளவு எடுத்தீர்கள் என்பதை உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். 18 முதல் 20 வாரங்களில் எல்லாருக்கும் செய்யும் விரிவான ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். பழையதை நினைத்து இருக்கிற தூக்கத்தையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் மறுபடியும் தொடங்கலாமா என்றால், வேண்டாம். அரை டிராப்பரும் வேண்டாம், நாலு சொட்டும் வேண்டாம்.

இது என் சொந்தப் பயம் அல்ல. எஃப்டிஏ எனப்படும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் சிபிடி, கஞ்சாவின் போதைப் பொருளான டிஎச்சி, கஞ்சா ஆகியவற்றை எந்த வடிவிலும் பயன்படுத்த வேண்டாம் என்று 2019இல் அழுத்தமாக அறிவுறுத்தியது. பிரிட்டனின் உணவுத் தரநிலை முகமையும் 2020இல் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சிபிடியை உட்கொள்ள வேண்டாம் என்றது. அதே முகமை, உடல்நலமுள்ள மற்ற பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 70 மில்லிகிராம் வரை என்று முதலில் சொல்லியிருந்தது. 2023 அக்டோபரில் அதை 10 மில்லிகிராமாகக் குறைத்துவிட்டது.

அந்தப் பத்து மில்லிகிராம் எவ்வளவு என்பதை உங்கள் பாட்டிலை வைத்தே பார்த்துவிடலாம். பரவலாக விற்கும் ஒரு வகையை எடுத்துக்கொள்வோம்: 30 மில்லி பாட்டில், லேபிளில் 1500 மில்லிகிராம் சிபிடி என்று பெரிய எழுத்தில் இருக்கும். அப்படியானால் ஒரு மில்லியில் 50 மில்லிகிராம். டிராப்பரில் ஒரு மில்லி கோடு வரை உறிஞ்சினால் 50, அரை டிராப்பர் என்றால் 25. கர்ப்பமே இல்லாத, நல்ல உடல்நலத்தோடு இருக்கும் ஒருவருக்குச் சொல்லப்பட்ட மேல்வரம்பைப்போல் இரண்டரை மடங்கு. வீட்டுக்குப் போனதும் உங்கள் பாட்டிலின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மொத்த மில்லிகிராமை மொத்த மில்லியால் வகுத்தால் போதும். ஓராண்டாக எடுத்தவர்களிலேயே பலர் இந்தக் கணக்கை ஒருமுறைகூடப் போட்டதில்லை.

அதுவும் லேபிள் உண்மை சொல்கிறது என்று நம்பினால்தான். 2017இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வந்த ஓர் ஆய்வு, இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருள்களை வாங்கிச் சோதித்தது. லேபிளில் சொன்ன அளவு சரியாக இருந்தவை 26 மட்டுமே. சிலவற்றில் கூடுதல், சிலவற்றில் குறைவு. இன்னும் கவலைக்குரியது, 18 பொருள்களில் டிஎச்சி இருந்தது. கஞ்சாவில் போதை தருவது அதுதான். கர்ப்ப காலத்தில் கஞ்சா பயன்படுத்தியவர்களிடம் எடை குறைந்த குழந்தை, குறைப்பிரசவம் ஆகியவை அதிகம் காணப்படுவதற்கு முதல் சந்தேகம் விழுவதும் அதன் மேல்தான். போதை இல்லாத எண்ணெய் என்று நம்பி வாங்கிய பாட்டிலில் அது கலந்திருந்தால், குடிப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. 'ஃபுல் ஸ்பெக்ட்ரம்' என்று லேபிளில் போட்டிருந்தால் ஓரளவு டிஎச்சி இருக்கும் என்றே பொருள். பூச்சிக்கொல்லி, கரைப்பான் எச்சம், கன உலோகம் ஆகிய கலப்படங்கள் வேறு.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். ஹெம்ப் (கஞ்சாச் செடியின் ஒரு வகை) விதை எண்ணெய் என்று சமையலுக்கும் சருமத்துக்கும் விற்பது வேறு. அது விதையைப் பிழிந்து எடுப்பது, சிபிடி அதில் இல்லை என்றே சொல்லலாம். சிபிடி எண்ணெய் அதே செடியின் பூ, இலைகளிலிருந்து பிரித்தெடுத்த சாறு.

இனி, "மூலிகைதானே" என்ற உங்கள் தோழியின் வாதம். அக்கறையோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் சிபிடியையும் டிஎச்சியையும் வேதியியலில் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே வாய்பாடு: 21 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன். அணுக்கள் பிணைந்திருக்கும் விதம்தான் வேறு. ஒன்று போதை தருகிறது, மற்றது தருவதில்லை. போதை தராததால் உடலில் வேலை செய்யவில்லை என்று ஆகிவிடாது. வேலை செய்யாத பொருளாக இருந்தால் ஓராண்டாக உங்களுக்குத் தூக்கம் வந்திருக்குமா? உங்கள் மூளையை எட்டும் ஒரு பொருள் குழந்தையின் மூளையையும் எட்டும். சிறிய மூலக்கூறு, கொழுப்பில் எளிதில் கரைவது. இப்படிப்பட்டவற்றுக்கு நஞ்சுக்கொடி மதில் சுவர் அல்ல, திறந்த கதவு.

அந்தக் கதவுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு உண்மையான கவலை. நம் உடல் தானே கஞ்சாவை ஒத்த பொருள்களைச் சுரக்கிறது. அவற்றில் முதலில் கண்டறியப்பட்டதற்கு 1992இல் 'ஆனந்தமைடு' என்று பெயர் வைத்தார்கள், நமக்குப் பழக்கமான ஆனந்தம் என்ற சொல்லிலிருந்தே. பெயர் இனிமையாக இருக்கிறது, ஆனால் அதன் வேலை மகிழ்ச்சி தருவதோடு முடிவதில்லை. கரு கருப்பைச் சுவரில் பதியும் அந்தச் சில நாள்களில் ஆனந்தமைடின் அளவு தாழ்ந்திருக்க வேண்டும். கூடினாலும் சிக்கல், மிகவும் குறைந்தாலும் சிக்கல் என்பது எலிகளில் தெளிவாகக் காணப்பட்டிருக்கிறது. பிறகு நரம்புச் செல்கள் மூளையில் எந்த இடத்துக்கு நகர வேண்டும், எதனோடு இணைய வேண்டும் என்று வழிகாட்டுவதிலும் உடலே சுரக்கும் இந்தப் பொருள்களுக்குப் பங்கு உண்டு. சிபிடியோ, இந்த ஆனந்தமைடைச் சிதைக்கும் வழிகளில் குறுக்கிடக் கூடியது என்று ஆய்வகங்கள் காட்டுகின்றன. இவ்வளவு நுணுக்கமாக மீட்டப்படும் ஒரு வீணையின் தந்தியை, என்ன சுரம் எழும் என்று தெரியாமல் ஏன் முறுக்க வேண்டும்?

விலங்குகளில் செய்த சோதனைகள் என்ன சொல்கின்றன? வலிப்பு நோய்க்காக எஃப்டிஏ 2018இல் அங்கீகரித்த சிபிடி மருந்து ஒன்று உண்டு, எபிடியோலெக்ஸ். அதன் மருந்துக் குறிப்பிலேயே எல்லாம் இருக்கிறது. சினை எலிகளுக்கு மிக உயர்ந்த அளவில் கொடுத்தபோது கருக்கள் இறந்தன. முயல்களில் கருவின் எடை குறைந்தது. பிறந்த எலிகளில் வளர்ச்சி குன்றியது, பருவமடைவது தாமதமானது, நடத்தை மாறியது, ஆண் குட்டிகளின் இனப்பெருக்க உறுப்புகள் பாதிக்கப்பட்டன. இவை நீங்கள் எடுத்ததைவிட மிக மிக அதிகமான அளவுகள் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வலிப்புக்குத் தரும் அளவே 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 600 மில்லிகிராமை எட்டும். ஆனாலும் முயல்களின் கணக்கு என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை. கருவுக்குத் தீங்கு தெரியாத அளவில் அவற்றின் ரத்தத்தில் இருந்த சிபிடி, வலிப்புக்காக மருந்து எடுக்கும் மனிதரின் ரத்தத்தில் இருப்பதைவிடக் குறைவு. பாதுகாப்புக்கு இடைவெளி விட்டு வைக்கவில்லை என்று பொருள்.

"மனிதர்களில்தான் தீங்கு நிரூபிக்கப்படவில்லையே" என்று கேட்பீர்கள். நிரூபிக்கப்படாததற்குக் காரணம், தேடிப் பார்த்து எதுவும் கிடைக்காதது அல்ல. தேடவே இல்லை. இந்த வேறுபாட்டுக்கு மருத்துவ உலகம் கொடுத்த விலை பெரிது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்ற மாத்திரையும் தூக்கத்துக்கும் மசக்கைக்கும்தான் கொடுக்கப்பட்டது. மிகவும் பாதுகாப்பானது என்றே விளம்பரம் செய்தார்கள். 1961இல் திரும்பப் பெறுவதற்குள் பல நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் வளராமல் பிறந்தன. சிபிடி இன்னொரு தாலிடோமைடு என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. பரிசோதிக்கப்படாததைப் பாதுகாப்பானது என்று அழைக்கும் பழக்கத்தைத்தான் சொல்கிறேன்.

பரிசோதிக்கப்பட்டது என்றால் எப்படி இருக்கும் என்பதற்கும் மசக்கையிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. டாக்சிலமினும் வைட்டமின் பி6 எனப்படும் பைரிடாக்சினும் சேர்ந்த மாத்திரை. 1956 முதல் அமெரிக்காவில் விற்றது. குறைபாட்டோடு குழந்தை பிறந்தது என்று வழக்குகள் குவிந்ததால் 1983இல் நிறுவனமே விற்பனையை நிறுத்தியது. ஆனால் அந்தக் குற்றச்சாட்டாலேயே லட்சக்கணக்கான கர்ப்பங்களின் விவரங்கள் அலசப்பட்டு, மாத்திரையின் மேல் தவறில்லை என்று தெரிந்தது. 2013இல் எஃப்டிஏ அதே கலவையை மறுபடியும் அங்கீகரித்தது. "மாத்திரையைவிட மூலிகை மேல்" என்று சொல்லும்போது, நாம் எந்த மாத்திரையை எந்தப் பாட்டிலோடு ஒப்பிடுகிறோம் என்று பாருங்கள்.

அதனால் உங்கள் மசக்கைக்கு இந்த மாத்திரை பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். டாக்சிலமின் தூக்கம் வரவைக்கும் என்பதால் வழக்கமாக இரவில் தருவார்கள். உங்கள் இரண்டு தொல்லைக்கும் அது சற்று ஆறுதலாக இருக்கலாம். வயிற்றைக் காலியாக விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிடுவதும் இஞ்சியும் பலருக்குக் கைகொடுக்கின்றன. பெரும்பாலானவர்களுக்கு 16 வாரங்களுக்குள் குமட்டல் தணிந்துவிடும். தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் கருமஞ்சளாகப் போகிறது, எடை குறைகிறது என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் முதலில் நாட வேண்டியது அறிதல்சார் நடத்தைச் சிகிச்சை. அதன் சுருக்கப் பெயரையும் தமிழில் சிபிடி என்றே எழுதுவார்கள், குழம்பிவிடாதீர்கள். இது பேச்சும் பயிற்சியும் கொண்ட சிகிச்சை. பதற்றம் அன்றாட வாழ்வையே முடக்குகிறது என்றால், கர்ப்ப காலத்தில் நீண்ட அனுபவம் உள்ள மருந்துகளும் இருக்கின்றன. அவற்றை மருத்துவர் எழுதித் தந்தால் தயங்காமல் எடுங்கள். கவனிக்காமல் விட்ட பதற்றமும் தாய்க்கும் குழந்தைக்கும் நல்லதல்ல. அப்படிப்பட்ட மருந்தோடு ரகசியமாகச் சிபிடியையும் சேர்த்துக்கொள்வதுதான் நான் மிகவும் அஞ்சுவது. பல மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளைச் சிபிடி தடுக்கிறது. அதனால் மற்ற மருந்தின் அளவு ரத்தத்தில் எதிர்பாராமல் ஏறலாம். கர்ப்பமே அந்த நொதிகளின் வேகத்தை ஏற்கெனவே மாற்றி வைத்திருக்கிறது. போதாததற்கு, கொழுப்பு மிகுந்த உணவோடு எடுத்தால் சிபிடி உடலில் சேரும் மொத்த அளவே ஏறத்தாழ நாலு மடங்காகிறது. தொடர்ந்து எடுத்தவர் உடலில் அது பாதியாகக் குறையவே இரண்டரை நாள் பிடிக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. இதைப் படிக்கும் யாராவது வலிப்பு நோய்க்காக மருத்துவர் எழுதித் தந்த சிபிடி மருந்தை எடுத்துக்கொண்டிருந்தால், என் பேச்சைக் கேட்டு இன்றே நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு கட்டுமீறி வரலாம், அது தாய்க்கும் சிசுவுக்கும் உயிராபத்து. நரம்பியல் மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் உடனே கலந்து முடிவெடுங்கள்.

மூட்டு வலிக்குத் தடவும் சிபிடி களிம்பு ரத்தத்தில் சேர்வது குறைவுதான். இருந்தாலும் எந்த வடிவிலும் வேண்டாம் என்பதில் அதுவும் அடங்கும். புகையாக இழுக்கும் வகை அறவே கூடாது. பிரசவத்துக்குப் பிறகு பாலூட்டும் மாதங்களுக்கும் இதே விடைதான். கஞ்சா பயன்படுத்திய தாய்மாரின் பாலைச் சோதித்த 2018ஆம் ஆண்டு ஆய்வில், கடைசியாகப் பயன்படுத்தி ஆறு நாள் கழித்தும் டிஎச்சி தென்பட்டது. சில மாதிரிகளில் சிபிடியும் இருந்தது.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தப் பாட்டிலைக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். 'ஏதோ எண்ணெய்' என்று கேட்பதைவிட, லேபிளைப் படித்துப் பார்ப்பது அவருக்குப் பெரிய உதவி. "தூக்கத்துக்காக எடுத்தேன், நிறுத்திவிட்டேன், ஆனால் தூக்கம் இன்னும் வரவில்லை" என்று அந்த மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள்.